இருபத்தைந்தில் ஒன்று

சிறியவற்றில் உண்மையாய் இருக்க வேண்டும் என்று மறையுரைகளில் நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அந்தச் சிறியது எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்று எவரும் கேட்பதில்லை. அரிசிமணி அளவே உள்ள ஒரு கதவுக் கைப்பிடி, தையல் நூலை விட மெல்லிய ஒரு மின்கம்பி, விரல் நகத்தில் அடங்கிவிடும் ஒரு திசைமாற்றுச் சக்கரம்: இவற்றைச் செப்பனிட்டு, வண்ணம் தீட்டி, உரிய இடத்தில் பொருத்துவதற்காக வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் கொடுக்கலாமா? அது உழைப்பா, விளையாட்டா, வீண்பொழுதா? இந்த வினாவை எங்களைக் காண வந்தோர் பலர் கேட்டிருக்கின்றனர். கேட்காதோர் முகத்திலும் அது எழுதியிருந்தது.

'எங்களை' என்றதும் விளக்கம் தேவையாகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரின் புறநகர்ப் பங்கு ஒன்றில், ஆலயத்தின் அடித்தள அறையில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் பத்துப் பன்னிரண்டு பேர் நாங்கள். போலந்து, இத்தாலி, மெக்சிகோ ஆகிய நாடுகளின் வழிவந்தோர் சிலர். ஈராக்கிலிருந்து குடியேறிய கல்தேயக் கத்தோலிக்கர் ஒருவர். வேலையின் பொருட்டு அங்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பத்தார் எங்களில் இருவர், எங்கள் பிள்ளைகளுடன். எங்களை ஒன்றுசேர்த்தது பழைய அமெரிக்கக் கார்களின் சிற்றுருவங்களை உறுப்பு உறுப்பாக இணைத்து உருவாக்கும் கலை.

ஓர் அட்டைப்பெட்டி. அதன் மேல் பளபளக்கும் காரின் படம். திறந்தால் உள்ளே கார் இல்லை. பிளாஸ்டிக் சட்டங்களில், கிளையில் காய்கள் தொங்குவது போல, நூறுக்கும் மேற்பட்ட உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இயந்திரத்தின் இரு பாதிகள், அச்சுகள், இருக்கைகள், குரோமிய முலாம் பூசிய பம்பர்கள், நான்கு மெல்லிய கறுப்பு டயர்கள், ஒரு செய்முறைத் தாள். மெய்யான வண்டியின் ஒவ்வோர் இருபத்தைந்து அங்குலமும் இங்கே ஓர் அங்குலமாகச் சுருங்கியிருக்கும். 5 மீட்டர் 8 சென்டிமீட்டர் நீளமுள்ள 1957ஆம் ஆண்டுச் செவர்லே பெல் ஏர் கார், இந்த அளவில் 20 சென்டிமீட்டரே நீளமுடையதாய் மேசைமேல் நிற்கும். அதை ஓட்டக்கூடிய மனிதன் நமது சுண்டுவிரல் உயரம் இருப்பான்.

கத்தோலிக்கருக்கு இது முற்றிலும் அந்நியமான நாட்டம் அன்று. 1223ஆம் ஆண்டு கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் மீட்பரின் பிறப்பைக் கண்முன் காட்டினார். அன்று முதல் நாம் ஒவ்வொரு திசம்பரிலும் வைக்கோலும் காகிதமும் களிமண்ணும் கொண்டு பெத்லகேமைச் சிறிதாக்கி வீட்டு மூலையில் வைக்கிறோம். வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருள்களைப் பார்த்தவர்கள், வெள்ளியில் செய்த சின்னஞ்சிறு வீடுகளையும் படகுகளையும் கண்டிருப்பார்கள். நெஞ்சுக்கு நெருக்கமான ஒன்றைக் கையில் ஏந்தும் அளவுக்குச் சிறிதாக்கிப் பார்ப்பது மனித இதயத்தின் பழைய வழக்கம்.

தொழிற்சாலையின் நிழலில் பிறந்த கலை

இக்கலை டெட்ராய்டின் மண்ணில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. 1908இல் அந்நகரில் பிஷர் சகோதரர்கள் கார்களுக்கு உடற்கூடு செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். ஒகையோ மாநிலத்தில் குதிரைவண்டி செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்த ஒரு கத்தோலிக்கத் தந்தையின் பிள்ளைகள் அவர்கள், ஏழு பேர். பின்னர் அந்நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸின் பகுதியாயிற்று. அப்பிரிவு 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு போட்டியை நடத்தியது. தொடக்கத்தில் நெப்போலியன் காலத்துக் குதிரைச் சாரட்டு ஒன்றின் சிற்றுருவத்தை, வரைபடத்தைப் பார்த்துத் தம் கையாலேயே செய்ய வேண்டும். பின்னாளில் தாமே கற்பனை செய்த காரின் மாதிரியை, பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், வடிக்க வேண்டும். பரிசு, கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. பொருளாதார வீழ்ச்சியின் கொடிய ஆண்டுகளில் அது சிறு பரிசன்று. அப்போட்டியில் வென்ற இளைஞர்கள் சிலர் பிற்காலத்தில் மெய்யான கார்களையே வடிவமைக்கும் பணியில் அமர்ந்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மற்றொரு வாயில் திறந்தது. 1948இல் மிச்சிகனில் தொடங்கப்பட்ட ஏ.எம்.டி. நிறுவனம், கார் விற்பனையாளர்கள் தம் கடைகளில் வைக்கவும் வாடிக்கையாளருக்கு வழங்கவும் புதுக் கார்களின் சிற்றுருவங்களைச் செய்தது. தந்தை மெய்யான காரைச் சுற்றிவந்து விலை பேசுகையில், மகன் கையில் அதன் சிற்றுருவம் இருக்கும். அவற்றை இணைக்காத உறுப்புகளாகவே பெட்டியில் அடைத்து விற்றால் என்ன என்று அந்நிறுவனம் எண்ணியது. 1958இல் ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகச் செய்யத்தக்க தொகுதிகள் வெளிவந்தன: ஆலையிலிருந்து வந்தபடியே ஒன்று, விருப்பம்போல் மாற்றியமைத்தது ஒன்று, பந்தயத்துக்கு ஏற்றது ஒன்று. கலிபோர்னியாவின் ரெவல், சிக்காகோவின் மோனோகிராம், மிச்சிகனிலேயே இருந்த எம்.பி.சி., ஜோ-ஹான் ஆகிய நிறுவனங்களும் இத்துறையில் புகழ்பெற்றன. 1960களில் அமெரிக்கச் சிறுவன் ஒருவனின் அறையில் பசை மணம் வீசாத வீடு அரிது என்றே முதியவர்கள் எங்களிடம் சொல்வார்கள்.

அந்நிறுவனங்கள் பல கைமாறிவிட்டன, சில மறைந்தன. ரெவலின் பெயர் இன்று ஜெர்மனியிலிருந்து தொடர்கிறது. ஏ.எம்.டி., எம்.பி.சி. ஆகிய பெயர்களை இந்தியானா மாநிலத்து நிறுவனம் ஒன்று காத்துவருகிறது. வியப்பு என்னவெனில், அறுபது ஆண்டுகளுக்கு முன் வெட்டிய எஃகு அச்சுகள் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. அச்சை வெட்டியவர் கல்லறையில் துயில்கிறார். அவர் உளியிட்ட கோடு இன்றும் புதிதாய் வார்க்கப்பட்டு ஒரு சிறுவனின் கைக்கு வருகிறது.

கை கற்றுக்கொள்ளும் பொறுமை

வெளியார் எண்ணுவதுபோல் இது ஒட்டுவதும் பூசுவதும் மட்டுமன்று. முதலில் உறுப்புகளைச் சோப்பு நீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எளிதில் கழன்றுவருவதற்காகத் தடவிய பிசுக்கு ஒட்டியிருந்தால் வண்ணம் பிடிக்காது. பின்னர் அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் எழுந்திருக்கும் மெல்லிய வரம்பைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் நீக்க வேண்டும். குழிந்த இடங்களில் பட்டி வைத்து, உலர்ந்தபின் தேய்க்க வேண்டும். சாம்பல் நிற அடிப்பூச்சு அடித்தவுடன், அதுவரை கண்ணுக்குத் தெரியாத கீறல்களெல்லாம் ஒவ்வொன்றாய்த் தலைகாட்டும். ஆன்ம சோதனை செய்து பழகியவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. வெண்மையில் மறைந்திருப்பவை சாம்பலில் புலப்படும். தவக்காலத்தை நாம் சாம்பலோடு தொடங்குவது இதனால்தானோ என்று எங்களில் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

அடுத்து வண்ணம். மெய்யான கார் ஒன்றின் மேற்பூச்சு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்பு உடையது. அதை இருபத்தைந்தால் வகுத்துப் பாருங்கள். அத்துணை மென்மையை எந்தக் கையாலும் எட்ட இயலாது. ஆனால் அதை நோக்கி நடக்கலாம். எனவே மூடுபனி படிவதுபோல் ஒரு பூச்சு, காத்திருத்தல், மீண்டும் ஒரு பூச்சு, மீண்டும் காத்திருத்தல். அவசரப்பட்டு ஒரே மூச்சில் அடித்தால் வண்ணம் வழியும்; கதவு விளிம்புகளும் எழுத்துப் பொறிப்புகளும் வண்ணத்தில் மூழ்கிப்போகும். காற்றில் ஈரம் மிகுந்தால் பூச்சு வெளிறிப் பூத்துவிடும். முழுதும் உலர்ந்தபின், நீரில் நனைத்த நுண்ணிய உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து மெருகேற்றினால், அறை விளக்கு அந்தச் சிறு மேற்கூரையில் தெளிவாகத் தெரியும்.

1957ஆம் ஆண்டுச் செவர்லே எங்கள் மேசையில் மற்றவற்றை விட அதிக முறை வந்திருக்கிறது. பின்புறம் இருபக்கமும் எழும் வால்துடுப்புகள், அவற்றின் பக்கவாட்டில் வரிவரியாய் மின்னும் அலுமினியத் தகடு, முகப்பின் பொன்னிற வலைப்பின்னல் ஆகியவை கைக்குச் சவால். எரிபொருள் ஊற்றும் வாயைத் தேடினால் கிடைக்காது; இடப்பக்க வால்துடுப்பின் விளிம்பில் உள்ள குரோமியப் பட்டைக்குப் பின்னால் அதை ஒளித்துவைத்திருந்தார்கள். அவ்வாண்டு அக்கம்பெனி தந்த வண்ணங்களுள் ஒன்றின் பெயர் 'இந்தியத் தந்தம்'. வெண்மையில் சற்றே மஞ்சள் கலந்த அந்த நிறத்தைக் கூரைக்கும், வெப்பமண்டலக் கடலின் நீலப்பச்சையை உடலுக்கும் தீட்டிய வண்டிகள் அன்றைய சாலைகளில் ஏராளம். நமது நாட்டின் பெயர் தாங்கிய புட்டி ஒன்றை முதன்முதலில் அம்மேசையில் கண்டபோது எங்கள் பிள்ளைகள் சிரித்துக் குதித்தது இன்னும் நினைவில் உள்ளது.

பானெட்டின் கீழே எட்டு உருளை இயந்திரம். அது செவர்லேக்கே உரிய செம்மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும். டிஸ்டிரிபியூட்டரிலிருந்து எட்டு ஸ்பார்க் பிளக்குகளுக்கும் எட்டுக் கம்பிகள், சுருளுக்கு ஒன்று, ஆக ஒன்பது. அவை மயிரிழை போன்ற கம்பிகளாயினும், எரியும் வரிசையான 1-8-4-3-6-5-7-2 என்ற முறைப்படியே இணைக்க வேண்டும் என்று ஆலையில் பணியாற்றிய முதியவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். இந்த இயந்திரம் ஒருநாளும் ஓடப்போவதில்லை. பானெட்டை மூடிவிட்டால் எவரும் பார்க்கப்போவதில்லை. "கடவுள் பார்ப்பார்" என்பதே அவர்களுடைய மறுமொழி. பழைய பேராலயங்களில் மனிதக் கண் எட்டாத உயரத்துச் சிற்பத்தின் பின்புறத்தையும் செதுக்கிய கொத்தர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள் என்று எங்களுக்குத் தோன்றும். உடன்படிக்கைக் கூடாரத்துக்கான கைவேலைகளுக்காக ஆண்டவர் பெட்சலேலைப் பெயர்சொல்லி அழைத்துத் தம் ஆவியால் நிரப்பினார் என்று விடுதலைப் பயண நூல் சொல்கிறது. தூய ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று அங்கே சுட்டப்படுபவர் அரசரோ இறைவாக்கினரோ அல்லர், கைவினைஞர் ஒருவர்.

சிலையா, சின்னமா?

ஆயினும் ஓர் ஐயத்தை நாம் தட்டிக்கழிக்க இயலாது. இந்தக் கார்கள் தகுதியான நினைவுச் சின்னங்கள்தாமா? வால்துடுப்புகள் காற்றைக் கிழிக்கவில்லை, ஆசையைத்தான் தூண்டின. ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றி, நல்ல நிலையில் உள்ள வண்டியையும் பழையதென்று வெட்கப்படச் செய்த வணிகத் தந்திரம் அதில் இருந்தது. தொழிலாளர் வியர்வையும் வேலைநிறுத்தங்களும் ஆலைமூடல்களும் அதன் பின்னே இருந்தன. 1981இல் போல்டவுன் என்ற குடியிருப்பின் பெரும்பகுதி புதிய கார் ஆலை ஒன்றுக்காக இடிக்கப்பட்டது. அங்கிருந்த அமல உற்பவ அன்னை ஆலயமும் அதில் மண்ணாயிற்று. ஆலயத்தைக் காக்க அதற்குள்ளேயே தங்கிப் போராடிய முதிய பெண்களின் நினைவு அந்நகரில் இன்னும் ஆறவில்லை.

அதே நகரின் வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. அருளாளர் சொலானுஸ் கேசி என்ற கப்புச்சின் துறவி டெட்ராய்டின் புனித பொனவெந்தூர் மடத்தில் 1924 முதல் இருபதாண்டுகளுக்கு மேல் வாயிற்காவலராய் இருந்தார். அவர் குருவானவர், எனினும் கல்வியில் பின்தங்கியவர் என்று கருதப்பட்டு, ஒப்புரவு அருளடையாளம் வழங்கவும் கோட்பாட்டு மறையுரை ஆற்றவும் அனுமதி மறுக்கப்பட்டவர். கதவைத் திறப்பதே அவருக்குக் கிடைத்த பணி. அக்கதவுக்கு நோயாளரும் வேலையிழந்தோரும் வந்துகொண்டே இருந்தனர். 1925இல் செவர்லே தொழிலாளி ஒருவர், வேலை குறைந்து குடும்பங்கள் வாடுவதைச் சொல்லி, தம் கம்பெனிக்காகவே திருப்பலிக் கருத்துப் பதிவுசெய்ய வேண்டினார் என்றும், இரண்டு நாள்களில் 45,000 வண்டிகளுக்கான ஆணை வந்தது என்றும் அவரது வாழ்க்கையை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பெல் ஏர் சாலைக்கு வந்த அதே 1957இல், சூலை 31 அன்று, அவர் இறைவனடி சேர்ந்தார். 2017 நவம்பர் 18 அன்று அவர் அருளாளராக உயர்த்தப்பட்ட இடம் ஒரு விளையாட்டரங்கம். அதன் பெயரில் இருப்பதும் ஒரு கார் நிறுவனத்தின் பெயரே.

எனவே எங்கள் விடை இது. காரைத் தொழுதால் அது சிலை. அதைச் செய்தவர்களையும் அதில் சென்றவர்களையும் நினைவுகூர்ந்தால் அது சின்னம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் மதிப்பை அதன் விளைபொருளை விட உழைக்கும் மனிதரிடமே காண வேண்டும் என்று கற்பித்தார். எங்கள் மேசையில் அக்கற்பிதம் ஒரு மாலையில் உருப்பெற்று நின்றது.

திறக்கப்பட்ட பெட்டி

எங்கள் குழுவில் மூத்தவர் போலந்து வழிவந்தவர். கார் ஆலை ஒன்றின் வண்ணப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். எங்கள் பிள்ளைகள் அவரை 'ஜாஜா' என்பார்கள். அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் தாத்தாவை அழைக்கும் சொல் அது. நடுக்க நோயால் அவர் கைகள் தூரிகை பிடிக்க இயலாத நிலையில் இருந்தன. ஆயினும் வண்ணம் கலக்கும்போது கண்ணாலேயே அளந்து, இன்னும் ஒரு துளி மஞ்சள் என்பார். அது சரியாகவே இருக்கும்.

2011ஆம் ஆண்டின் திருவருகைக் காலத்தில் ஒரு மாலை, அவர் பழைய பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார். 1957 செவர்லே. விளிம்புகள் தேய்ந்து, அட்டை பழுத்திருந்தது. 1966 கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் தம் மகனுக்கு வாங்கித் தந்ததாகச் சொன்னார். அந்த மகன் 1968இல் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டு வியட்நாம் சென்றான், திரும்பவில்லை. வாசிங்டனில் 1982இல் எழுப்பப்பட்ட கறுப்புக் கல் சுவரில் பொறித்துள்ள ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களில் அவன் பெயரும் ஒன்று. மகள் ஒருமுறை அங்குச் சென்று, பெயரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தத் தாளை அவர் செபப்புத்தகத்தில் வைத்திருந்தார். பெட்டியை மட்டும் அதுவரை திறக்கவில்லை.

ஏன் இப்போது என்று நாங்கள் கேட்கவில்லை. எண்பத்தாறு வயதில் அதற்கு விடை எல்லோருக்கும் தெரியும்.

மூடியை எடுத்தபோது முதலில் கண்ட காட்சி எங்களை வருந்தச் செய்தது. அக்காலத்து மென்மையான டயர்கள் நாற்பத்தைந்து ஆண்டுகளாக பானெட்டின் மேல் சாய்ந்து கிடந்திருந்தன. அத்தகைய டயர்களைப் பதப்படுத்தும் எண்ணெய்ப்பொருள் மெல்ல வெளியேறி, தான் தொடும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். இரண்டு பிறைகள் பானெட்டில் ஆழமாய்ப் பதிந்திருந்தன. யாரும் தொடவில்லை, வெளிச்சமும் படவில்லை, எனினும் அழிவு உள்ளேயே நடந்திருந்தது. தாலந்தை நிலத்தில் புதைத்தவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாங்கள் அறிவோம். ஆனால் அந்தப் பெட்டியைப் புதைத்தது சோம்பலன்று, துயரம். ஆகவே அவ்வுவமையை அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் எழவில்லை.

பின்னர் இயந்திரத்தைக் கண்டோம். அதன் இரு பாதிகளும் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தன. பையன் வேலையைத் தொடங்கியிருக்கிறான்! அவசரக்காரப் பையன். பசை வழிந்து, பாதிகள் அரை மில்லிமீட்டர் விலகி ஒட்டியிருந்தன. இப்பசை சாதாரணப் பசையன்று; பிளாஸ்டிக்கையே இளக்கி ஒன்றாக்கிவிடும். இளகிய நேரத்தில் விரல் பட்டால் விரலின் வரிகள் அப்படியே பதிந்து, உலர்ந்து, கல்வெட்டாகிவிடும். அவ்வியந்திரத்தின் பக்கவாட்டில், விளக்கின் அடியில் சாய்த்துப் பார்த்தபோது, பெருவிரல் ரேகை ஒன்று முழுமையாய்த் தெரிந்தது.

எங்கள் தொழில்முறைப்படி அது குறை. உப்புத்தாள் கொண்டு இரண்டு நிமிடத்தில் நீக்கிவிடலாம். குழுவில் முன்னாள் தரச் சோதனையாளர் ஒருவர் பழக்கத்தால் உப்புத்தாளை எடுத்தே விட்டார். பிறகு பெரியவரின் முகத்தைப் பார்த்துக் கீழே வைத்தார். பெரியவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி நெடுநேரம் பார்த்தார். "உணவு மேசைக்குப் பசைக் கையோடுதான் வருவான். அவன் அம்மா எழுப்பிக் கை கழுவ அனுப்புவாள்" என்றார். வேறொன்றும் சொல்லாமல் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மூன்று சனிக்கிழமைகளில் அவர் வரவில்லை. நாலாம் வாரம் வந்தார். பெட்டியைத் திறந்து, "பானெட்டைச் சரிசெய்யுங்கள். இயந்திரத்தைத் தேய்க்க வேண்டாம்" என்றார்.

அதன்பின் நடந்ததே எங்கள் குழுவின் சிறந்த வேலை என்போம். பானெட்டின் பிறைகளைப் பட்டி வைத்து நிரப்பித் தேய்த்தோம். நான்கு முறை அடிப்பூச்சு அடித்தும் நிழலாய்த் தெரிந்தது, ஐந்தாம் முறை மறைந்தது. இயந்திரம் கோணலாக இருந்ததால் அடிச்சட்டத்தில் சரியாக அமரவில்லை. இயந்திரத்தைத் தொடக்கூடாது, ஆகவே அடிச்சட்டத்தின் தாங்கிகளை அரத்தால் சிறிது சிறிதாக இறக்கி, அக்கோணலுக்கேற்ப மற்றவற்றையெல்லாம் வளைத்துக்கொடுத்தோம். செம்மஞ்சள் பூச்சு சற்றே தடித்தாலும் ரேகையின் வரிகள் அடைந்துவிடும். எங்கள் பதினான்கு வயது மகன் காற்றுத்தூரிகையைப் பிடிக்க, பெரியவர் அவன் தோளருகே நின்று, போதும், நிறுத்து, இப்போது மறுபடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூடுபனி போல் ஏழு மெல்லிய பூச்சுகள். உலர்ந்ததும் சாய்த்துப் பார்த்தோம். பெருவிரல் அங்கேயே இருந்தது.

வண்டி முடிந்தது. இந்தியத் தந்தக் கூரை, நீலப்பச்சை உடல். பானெட்டைத் திறந்துவைத்தால் இயந்திரம் தெரியுமே என்று எங்களில் ஒருவர் சொன்னார். "வேண்டாம், மூடியே இருக்கட்டும்" என்றார் பெரியவர். அடுத்து வந்த கல்லறைத் திருநாளில், பெயர்த் தாள் இருந்த செபப்புத்தகத்தையும் அந்த வண்டியையும் வீட்டுப் பீடத்தில் அருகருகே வைத்து மெழுகுதிரி ஏற்றியதாக அவர் மகள் சொன்னாள். 2014இல் அவரும் மகனோடு சேர்ந்துகொண்டார். வண்டி இப்போது மகளின் வீட்டில் இருக்கிறது.

நீக்க வேண்டியதும் காக்க வேண்டியதும்

இதை எழுதுவதன் நோக்கம் கண்ணீர் வரவழைப்பதன்று. ஒரே வண்டியில் இரண்டு தழும்புகள் இருந்தன. ஒன்றை முழு மூச்சுடன் நீக்கினோம். மற்றொன்றை முழு மூச்சுடன் காத்தோம். இரண்டுக்கும் ஒரே பொறுமைதான் தேவைப்பட்டது. எதை நீக்குவது, எதைக் காப்பது என்ற அறிவை எந்தச் செய்முறைத் தாளும் தரவில்லை. அது அன்பு செய்தவரிடமிருந்தே வந்தது.

நம்முடைய விசுவாசத்தின் நடுமையத்திலும் இதே புதிர் உள்ளது. சாவை வென்ற ஆண்டவரின் உடல் மாட்சிமை உடையது. மூடிய கதவுகளும் அதைத் தடுக்கவில்லை. ஆயினும் ஆணித் துளைகள் அதில் இருந்தன. அவற்றைக் கண்டுதான் தோமா தம் ஆண்டவரை அறிந்துகொண்டார். குறையற்ற உடலைப் படைக்க வல்லவருக்கு அக்காயங்களை மூடத் தெரியாமலா போயிற்று? அவை இனிக் குறைகளல்ல, அன்பின் ரேகைகள். ஆகவே அவர் அவற்றை வைத்துக்கொண்டார்.

நமது இல்லங்களிலும் திறக்காத பெட்டிகள் உண்டு. இறந்த பிள்ளையின் பள்ளிப்பை, பிரிந்துபோன உடன்பிறப்பின் கடிதம், பாதியில் நின்ற ஒரு பேச்சு. தொடாமல் வைத்தால் பத்திரமாய் இருக்கும் என்று நம்புகிறோம். உள்ளே ஏதோ ஒன்று மெல்ல உருகிக்கொண்டிருக்கலாம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறக்க இயலாது. சிலருக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகும். ஆனால் திறக்கும் நாளில் தனியே திறக்க வேண்டியதில்லை. அருகில் நாலு பேர் இருக்கட்டும். அவர்களுக்குப் பட்டி வைக்கவும் தெரியட்டும், உப்புத்தாளைக் கீழே வைக்கவும் தெரியட்டும். பங்குச் சமூகம் என்று நாம் சொல்வது இதற்காகவே அன்றோ?

இது உழைப்பா, விளையாட்டா என்று இன்னும் சிலர் கேட்கின்றனர். நாங்கள் வாதாடுவதில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு பெட்டியைக் கொடுத்து, உறுப்புகளை முதலில் கழுவச் சொல்கிறோம்.